பிரசவ அறைக்கு எழுதப்பட்ட கடிதம்

பேறுகாலத் திட்டம் என்பது, இடுப்புவலி கண்டு மருத்துவமனைக்குச் செல்லவிருக்கும் பெண், அங்கே தனக்கு எவற்றைச் செய்யலாம், எவற்றைக் கேட்காமல் செய்யக் கூடாது, யார் உடனிருக்க வேண்டும், பிறந்த குழந்தையை முதலில் யார் கையில் தர வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதி, மருத்துவரிடமும் செவிலியரிடமும் கொடுக்கும் ஓரிரு பக்கத் தாளாகும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கர்ப்பிணிகளுக்கு நடத்தப்படும் வகுப்புகளில், இதை எழுதுவதா வேண்டாமா என்பது இன்று வழக்கமான கேள்வியாகிவிட்டது. எழுதினால் மருத்துவர் முகம் சுளிப்பாரோ என்ற தயக்கமும், எழுதாவிட்டால் வலியின் நடுவே வாய் திறக்க முடியாமல் போகுமோ என்ற அச்சமும் ஒருசேரக் கிளம்பும் இடம் அது. இந்தத் தாளுக்கு வயது இன்னும் ஐம்பது ஆகவில்லை. பிரசவத்தைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய நூல்கள் மிகப் பழமையானவை என்றிருக்க, பெண் ஒருத்தி தன் பிரசவம் குறித்துத் தானே எழுதித் தரும் வழக்கம் ஏன் இவ்வளவு பிந்தித் தோன்றியது என்று கேட்டால், அதற்கான விடை மருத்துவத்தின் வளர்ச்சியில் இருப்பதைவிட, பிரசவம் பார்ப்பவருக்கும் பிள்ளை பெறுபவருக்கும் இடையே இருந்த பழக்கம் அறுந்துபோன விதத்தில்தான் அதிகம் இருக்கிறது.

1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நூறு பிரசவங்களுள் ஐந்துகூட மருத்துவமனையில் நடக்கவில்லை. தாயும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சூழ்ந்திருக்க, தெரிந்த மருத்துவச்சியோ குடும்ப மருத்துவரோ வீட்டுக்கு வந்து பார்ப்பதே வழக்கமாக இருந்தது. அங்கே வந்தவர்தான் விருந்தினர், படுத்திருந்தவள் வீட்டுக்காரி. அந்த வீட்டுப் பிரசவத்தைப் பொற்காலமாக எண்ணுவதற்கு இடமில்லை, ஏனெனில் ரத்தப்போக்குக்கும் பிரசவக் காய்ச்சலுக்கும் அங்கே மருந்து இல்லை. 1940இல் மருத்துவமனைப் பிரசவம் பாதியைத் தாண்டியது. 1950இல் நூற்றுக்கு 88 ஆயிற்று. பாதுகாப்பை நாடித்தான் பெண்கள் இடம்பெயர்ந்தார்கள் என்றாலும், அந்தப் பாதுகாப்பு உடனே கிடைத்துவிடவில்லை. நியூயார்க் மருத்துவக் கழகம் 1933இல் வெளியிட்ட ஆய்வு, அந்நகரில் மூன்றாண்டுகளில் நிகழ்ந்த தாய்மார் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக் கூடியவை என்றும், அவற்றில் பெரும்பகுதிக்கு மருத்துவர்களே பொறுப்பு என்றும் கூறியது. சல்ஃபா மருந்துகளும், அவற்றைத் தொடர்ந்து பென்சிலினும் ரத்தம் ஏற்றும் வசதியும் பரவிய பிறகே, அதாவது 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகே, மரண எண்ணிக்கை சரியத் தொடங்கியது. பெண்கள் மருத்துவமனையிடம் தம்மை முழுவதுமாக ஒப்படைத்ததற்கும் அந்த ஒப்படைப்பை வைத்து மருத்துவமனை தன் பழக்கவழக்கங்களை எல்லாம் நியாயப்படுத்தியதற்கும் இந்த உண்மையான சாதனையே பின்புலம்.

அந்தப் பழக்கவழக்கங்களுள் ஒன்றைப் பெண்களே போராடிக் கொண்டுவந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் விநோதம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் க்ரோனிக், காவுஸ் என்னும் இரு மருத்துவர்கள், மார்ஃபினையும் ஸ்கோபோலமின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, வலியை முற்றிலும் போக்காவிட்டாலும் அதன் நினைவே மனத்தில் தங்காதபடி செய்யும் முறையொன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையாண்டனர். அரைமயக்கம் என்று பொருள்படும் பெயரால் அது புகழ்பெற்றது. 1914இல் மெக்ளூர்ஸ் என்னும் அமெரிக்க இதழ் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பின், வசதி படைத்த பெண்களும் வாக்குரிமைப் போராளிகளும் தனிச் சங்கமே அமைத்து, வலியின்றிப் பெறும் உரிமையை மருத்துவர்கள் மறுக்கக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். இயக்கத்தின் முன்னணியில் நின்ற பெண்ணொருவர் 1915இல் பிரசவத்தில் இறந்ததும் சங்கம் தளர்ந்தது. மருந்தோ 1960கள் வரை பிரசவ வார்டுகளில் நிலைத்தது. நினைவை அழிக்கும் அம்மருந்து உடலின் துடிப்பை அடக்கவில்லை என்பதால், கூச்சலிட்டுப் புரளும் பெண்கள் கீழே விழாதிருக்கக் கட்டிலோடு சேர்த்து வாரால் கட்டப்பட்டார்கள். விழித்தெழுந்தபோது அவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது என்பதால் யாரும் அதுபற்றிக் கேட்கவும் இல்லை.

1920இல் சிகாகோவைச் சேர்ந்த ஜோசஃப் டிலீ என்ற மகப்பேற்று மருத்துவர், பிரசவம் இயல்பான செயல் என்ற எண்ணமே தவறு என்று வாதிட்டு, தாய்க்கு மயக்கம் கொடுத்து, பிறப்புவாயைக் கத்தரித்து அகலமாக்கி, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்து, நஞ்சுக்கொடியையும் மருத்துவரே வெளியேற்றும் முறையை வரும்முன் காக்கும் சிகிச்சையாக முன்வைத்தார். தலைப்பிரசவத்திற்கென அவர் சொன்னதன் பல கூறுகள் அடுத்த முப்பதாண்டுகளில் எல்லாப் பிரசவங்களுக்கும் பொதுவான நடைமுறையாயின. இவற்றோடு, வார்டுக்குள் வந்தவுடன் மறைவிடத்து முடியை மழிப்பதும் எனிமா கொடுப்பதும் சேர்ந்துகொண்டன. மழிப்பதால் நோய்த்தொற்று குறையவில்லை என்று 1922ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு காட்டியும், சவரக்கத்தி இன்னும் அறுபது ஆண்டுகள் ஓயவில்லை. ஒரு மருத்துவமனையில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டால், அதைத் தொடங்கக் காரணம் தேவைப்படுவதைவிட நிறுத்தக் காரணம் பன்மடங்கு தேவைப்படுகிறது.

மௌனம் 1957இல் கலைந்தது. அவ்வாண்டு நவம்பரில், லேடீஸ் ஹோம் ஜர்னல் என்னும் பெண்கள் மாத இதழில், பெயர் வெளியிடாத செவிலியர் ஒருவர், பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகளை விசாரிக்க வேண்டும் என்று கேட்டுச் சிறு கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்த தாய்மார் எழுதிய பதில்கள் குவிந்தன. மணிக்கணக்கில் கட்டிவைக்கப்பட்டதையும், மருத்துவர் வந்து சேரும்வரை பிள்ளை பிறக்காமலிருக்கக் கால்களைச் சேர்த்துப் பிடித்ததையும் சொன்ன அக்கடிதங்களை அவ்விதழ் 1958 மே மாதத்தில் தொகுத்து வெளியிட்டது. தனித்தனியாகத் தன் துரதிருஷ்டம் என்று எண்ணியிருந்த ஒவ்வொருத்தியும், அது எல்லோருக்கும் நிகழ்ந்த ஒரே நடைமுறை என்று அச்சில் கண்டது அப்போதுதான். பின்னாளில் பேறுகாலத் திட்டமாக உருக்கொண்ட தாளுக்கு அந்தக் கடிதங்களையே முன்னோடியாகக் கொள்ளலாம். பிரசவம் முடிந்தபின் எழுதிய புகாரை முன்னதாகவே எழுதுவதுதான் அடுத்த படி.

அந்தப் படிக்கு வர வகுப்பறை ஒன்று தேவைப்பட்டது. அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைப் பெருக்குகிறது என்று கூறிய ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் இயற்கைப் பிரசவம் என்ற கருத்தைத் தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டார். ஃபிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியம் சென்று, பாவ்லோவின் உளவியலை ஒட்டி அங்கே பழக்கப்பட்ட மூச்சுப் பயிற்சிகளைக் கண்டு, பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் அவற்றைப் புகுத்தினார். மாஸ்கோவிலிருந்து வந்த முறையாயிற்றே என்று கத்தோலிக்கர் தயங்க, 1956இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதில் அறநெறிக்கு மாறானது ஏதுமில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. பாரிஸில் அம்முறையில் பிள்ளை பெற்ற அமெரிக்கப் பெண் மார்ஜரி கார்மல் 1959இல் எழுதிய நூல் அதை அட்லாண்டிக் கடந்து கொண்டுசென்றது. அவரும் எலிசபெத் பிங்கும் முன்நின்று 1960இல் தொடங்கிய அமைப்பு அமெரிக்க நகரங்களெங்கும் வகுப்புகளைப் பரப்பியது. மூச்சுப் பயிற்சியால் வலி எவ்வளவு குறைந்தது என்பது விவாதத்துக்குரியது. வகுப்புகளின் உண்மையான விளைவு வேறு: கர்ப்பிணிகளும் கணவன்மார்களும் வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து, மருத்துவமனையில் என்னென்ன செய்வார்கள், அவற்றுள் எது கட்டாயம், எது வெறும் வழக்கம் என்று கேட்கத் தொடங்கினார்கள். பிரசவ அறைக்குள் கணவனை விடாத காலம் அது. 1965இல் கலிபோர்னியாவில் ஒருவர் மனைவியின் கையோடு தன் கையைச் சங்கிலியிட்டுப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார் என்பதிலிருந்து அந்தக் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்று ஊகிக்கலாம்.

1970களில் கேள்விகள் பெருகியதற்கு இயந்திரங்களும் காரணம். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாது வரையும் கருவி அப்போது பரவி, நடமாடிக்கொண்டிருந்த பெண்ணைக் கட்டிலில் கிடத்தியது. டப்ளினில் உருவாகிய, பனிக்குடத்தை உடைத்து மருந்தேற்றிக் குறித்த நேரத்துக்குள் பிரசவத்தை முடிக்கும் முறை பிற நாடுகளுக்குச் சென்றது. ஒவ்வொரு பெண்ணின் அருகிலும் ஒரு செவிலியர் இடைவிடாது இருப்பார் என்ற உறுதியும் டப்ளின் முறையின் அங்கமாக இருந்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் மருந்தை எடுத்துக்கொண்டு செவிலியரை விட்டுவிட்டன. அமெரிக்காவில் 1970இல் நூற்றுக்கு 5.5 ஆக இருந்த சிசேரியன் 1980இல் 16.5 ஆயிற்று. மருத்துவமனைகளின் சங்கமே 1973இல் நோயாளிகளின் உரிமைகள் குறித்த பட்டியலை ஏற்றிருந்ததால், தன் உடலில் செய்யப்போவதை முன்னரே அறிந்து இசைவு தருவது என்னும் சொல்லாட்சி பொதுமக்கள் வாயில் புழங்கத் தொடங்கியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் சியாட்டில் நகரில் 1968 முதல் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்திவந்த உடலியக்கச் சிகிச்சையாளர் பென்னி சிம்கின், கார்லா ரைன்கே என்பவருடன் சேர்ந்து 1980இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். பிள்ளைப்பேற்றைத் திட்டமிடல் என்ற பொருளிலமைந்த அதன் தலைப்பே புதிதாக இருந்தது, ஏனென்றால் அதுவரை திட்டமிடுபவர் மருத்துவராகவே இருந்தார். இவ்வகைத் தாள்களில் வழக்கமாக இடம்பெற்றவை எளியவை: வலி தாங்க மருந்து வேண்டுமா, வேண்டுமானால் எப்போது, எழுந்து நடக்கலாமா, மழித்தலும் எனிமாவும் தவிர்க்கப்படுமா, கத்தரித்துத் தையல் போடுவது தேவைப்பட்டால் மட்டும்தானா, எதிர்பாராமல் சிசேரியன் செய்ய நேர்ந்தால் கணவர் உடனிருக்கலாமா, குழந்தை அறைக்குக் குழந்தையை எடுத்துச் செல்லாமல் தாயிடமே விடுவார்களா. இவற்றை எழுதுவதற்கு முன் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே அந்த வகுப்புகளின் எண்ணம். தாள் பேச்சின் குறிப்பாகவே கருதப்பட்டது. பணிமுறை மாறி மாறி வரும் செவிலியர்களுள் யார் அன்றிரவு இருப்பார் என்று யாருக்கும் தெரியாத மருத்துவமனையில், முன்பின் அறியாதவரிடம் ஒரு பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கடிதமாகவும் அது பயன்பட்டது. பழைய ஊர் மருத்துவச்சிக்கு அப்படியொரு கடிதம் தேவைப்பட்டிராது.

பிரிட்டன் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தது. அங்கே மருத்துவச்சித் தொழில் 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டு வலுவாகவே இருந்தது. ஆனால் 1970இல் பீல் குழு, எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்க வசதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தபின், 1980க்குள் வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கியது. மானிடவியல் படித்தவரும் தேசியப் பிள்ளைப்பேற்று அறக்கட்டளையில் நெடுங்காலம் பணியாற்றியவருமான ஷீலா கிட்சிங்கர், பேறுகாலத் திட்டத்தை 1980களில் அங்கே பரப்பியவர்களுள் முதன்மையானவர். 1982இல் வட லண்டன் மருத்துவமனையொன்று பெண்கள் நிமிர்ந்த நிலையிலோ குந்தியோ பிள்ளை பெறுவதைத் தடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1985இல் மகப்பேற்று மருத்துவர்களின் பிரிட்டிஷ் ஆய்விதழே பேறுகாலத் திட்டம் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. 1993இல் அரசு வெளியிட்ட அறிக்கை தெரிவு, தொடர்ச்சி, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் மகப்பேற்றுச் சேவையின் அடிப்படையாக அறிவித்தது. எதிர்ப்பாகப் பிறந்த தாள் பதின்மூன்றே ஆண்டுகளில் அரசின் சொல்லாயிற்று.

இவ்வளவு விரைவில் கிடைத்த அங்கீகாரம் அந்தத் தாளுக்கு நன்மை செய்ததா என்பது ஐயம். மருத்துவமனைகள் தாமே படிவம் அச்சிட்டுக் கட்டங்களில் குறியிடச் சொல்லின. படிவத்தில் இல்லாததைக் கேட்க வழி குறைந்தது. மறுபுறம், பெண்கள் எதிர்த்த நடைமுறைகள் ஒவ்வொன்றாக ஆய்வில் தோற்றன. மழித்தலும் எனிமாவும் பயனற்றவை என்று 1980, 1981 ஆண்டுகளில் பிரிட்டனில் வெளியான ஆய்வுகள் காட்டின. அர்ஜென்டினாவில் 2,600 பெண்களுக்கு மேல் சேர்க்கப்பட்ட ஆய்வு, எல்லோரையும் கத்தரிப்பதால் கடுமையான கிழிசல் குறையவில்லை என்று 1993இல் நிறுவியது. குவாத்தமாலாவில் நடந்த ஆய்வொன்று, துணைக்கு ஒரு பெண் இடைவிடாது உடனிருந்தால் பிரசவம் எளிதாகிறது என்று 1980இலேயே சொல்லியிருந்தது. மருத்துவமனைகள் இவற்றை ஏற்று மாறிய பின்னும், பழைய மாதிரித் தாள்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. எப்போதோ கைவிடப்பட்ட எனிமாவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளைச் செவிலியர் தம்மை நம்பாதவளாக எண்ணினார். நீளமான திட்டத்தோடு வருபவள் கடைசியில் அறுவை மேசைக்குத்தான் போவாள் என்ற கேலிப் பேச்சு வார்டுகளில் பிறந்தது இந்தச் சூழலில்தான்.

கேலியை ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், திட்டம் எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் சிசேரியன் அளவில் வேறுபாடில்லை. எழுதியவர்களுக்கு வலியைத் தூண்டும் மருந்தும், பனிக்குடம் உடைப்பதும், முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடியூரலும் குறைவாக இருந்தன. தலையீடுகள் குறைந்தும், அவர்களுக்கு நிறைவு குறைவாக இருந்தது என்பதே அந்த ஆய்வின் வியப்பு. ஸ்வீடனில் 2003இல் வெளியான ஆய்வோ, திட்டம் எழுதியதால் பிரசவ அனுபவம் பொதுவாக மேம்படவில்லை என்றும், எழுதியவர்கள் தாம் பிரசவத்தின்போது முதலில் சந்தித்த மருத்துவச்சி தம் பேச்சைக் கேட்டதாகவும் மதித்ததாகவும் உணர்ந்தது மற்றவர்களைவிடக் குறைவு என்றும் கண்டது. ஒரு தாளை எழுதச் செய்வது எதிர்பார்ப்பை எழுப்புகிறது. அதைப் படித்துப் பேச ஆளில்லாவிட்டால் அந்த எதிர்பார்ப்பே மனத்தாங்கலாகிறது என்று இம்முடிவுகளை விளங்கிக்கொள்வது பொருந்தும். சிம்கின் தன் தொடக்ககால வகுப்புகளில் இருந்த இருபது பெண்களைப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் பேட்டி கண்டு 1991இல் எழுதிய ஆய்வும் இதற்கு அரணாக நிற்கிறது: அவர்கள் அந்த நாளைத் துல்லியமாக நினைவு வைத்திருந்தார்கள், நிறைவோடு நினைத்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தது தம்மைக் கவனித்தவர்கள் நடத்திய விதமே. எழுதுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த வரலாறு தரும் குறிப்பு, யாரோடு பேசி எழுதுவது என்ற கேள்வியை அதற்கு முன்னால் வைக்கச் சொல்வதாகும்.

சட்டமும் இதே பக்கம் நகர்ந்தது. பேறுகாலத் திட்டம் ஒப்பந்தமாகாது. அவசரத்தில் பெண் மனம் மாறலாம், மருத்துவரும் வேறு வழி சொல்லலாம். ஆயினும் நீரிழிவு இருந்த தாய்க்கு, குழந்தையின் தோள் சிக்கும் அபாயத்தைச் சொல்லாமல் விட்டது தொடர்பான மாண்ட்கோமரி வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல், அந்தப் பெண்ணுக்கு முக்கியமாகப் படக்கூடிய அபாயங்களையும் மாற்று வழிகளையும் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதே 2015இல், இங்கிலாந்தின் மோர்கம் பே மருத்துவமனையில் நிகழ்ந்த தாய், சேய் மரணங்களை ஆராய்ந்த கர்கப் அறிக்கை, எப்பாடுபட்டாவது இயல்பான பிரசவத்தையே நடத்துவது என்ற மருத்துவச்சிகளின் பிடிவாதத்தையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. இயற்கைப் பிரசவம் என்ற இலட்சியமும் ஒரு வழக்கமாகக் கெட்டிப்பட்டால் டிலீயின் ஆயுதம்போலவே தீங்கு செய்யும் என்பதற்கு அந்த அறிக்கை சான்று.

பேறுகாலத் திட்டம் என்ற சொல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் திசை நேரெதிராகத் திரும்பியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1996இல் இயல்பான பிரசவம் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, ஊக்குவிக்க வேண்டிய நடைமுறைகளின் வரிசையில் முதலாவதாக, பிரசவம் எங்கே, யாரால் பார்க்கப்படும் என்பதைக் கர்ப்ப காலத்திலேயே பெண்ணோடு கலந்து முடிவு செய்து குடும்பத்துக்கும் தெரிவிக்கும் தனித் திட்டத்தை வைத்தது. ஏழை நாடுகளில் தாய்மார் இறப்பதற்கு, போகலாமா என்று முடிவெடுப்பதிலும், போய்ச் சேர்வதிலும், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதிலும் ஏற்படும் மூன்று தாமதங்களே காரணம் என்று 1994இல் தடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர்கள் விளக்கியிருந்தார்கள். அதனால் மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்க இந்திய அரசு 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்தில், சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தயாரிக்க வேண்டிய நுண்திட்டம், பரிசோதனைத் தேதிகள், பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள், பிரசவ இடம், சிக்கலானால் அனுப்ப வேண்டிய மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்தது. சியாட்டிலில் மருத்துவமனையைக் கட்டுப்படுத்த எழுதிய தாள், இங்கே மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க எழுதப்பட்டது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் தமிழ் வழக்கமும், எங்கே, யார் அருகில் என்ற அந்த இரு கேள்விகளுக்கு எழுதாமலேயே விடை சொல்லிவந்த ஏற்பாடுதான்.

கொண்டுசேர்க்கும் வேலை பெருமளவு முடிந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2005-06இல் நாடு முழுவதும் நூற்றுக்கு 38.7 ஆக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21இல் 88.6 ஆயிற்று, தமிழ்நாட்டில் அது 99.6. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் அளவு 44.9, தனியார் மருத்துவமனைகளில் 63.8. சியாட்டிலில் அந்தச் சிறு பிரசுரம் அச்சேறிய ஆண்டில் அமெரிக்கர்களைக் கவலைகொள்ள வைத்த எண் 16.5 என்பதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். இந்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய லக்ஷ்யா என்னும் பிரசவ அறைத் தர மேம்பாட்டுத் திட்டம், துணைக்கு ஒருவரை உள்ளே விடுவதையும், பெண் தனக்கு வசதியான நிலையில் பிள்ளை பெறுவதையும் அரசு மருத்துவமனைகளுக்குரிய நெறிகளில் சேர்த்திருக்கிறது. சிம்கினின் வகுப்பில் பெண்கள் தம் கையால் எழுதிய அந்த இரு வரிகள், இங்கே தில்லியிலிருந்து மருத்துவமனைகளுக்கு எழுதப்பட்ட சுற்றறிக்கையில் இருக்கின்றன.